பவர் பேட்டரியில்... வெற்றி டயரில்!

ஆட்டோகிராஸ் களத்தில் எலெக்ட்ரிக் காருக்கு எந்த டயர், எந்த வீல்?

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருக்கிறது லிங்கன் நகரம். அங்குள்ள பழைய விமானத்தளத்தின் கான்கிரீட் பரப்பில் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் தொடக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டுநர்கள் கூடுகிறார்கள். ‘எஸ்சிசிஏ’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா 1944-ல் தொடங்கப்பட்டது. அந்த கிளப்பின் ‘சோலோ’ தேசியப் போட்டி 2009-லிருந்து இங்குதான் நடக்கிறது. ஆட்டோகிராஸ் என்ற விளையாட்டின் உச்ச மேடை இது.

விதிகள் எளிமையானவை. தரையில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை அடுக்கிப் பாதை அமைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார் மட்டுமே கடிகாரத்தை எதிர்த்து ஓடும். ஒரு ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடம். ஒரு கூம்பைத் தட்டினால் 2 விநாடி அபராதம். வழியைத் தவறவிட்டால் அந்த ஓட்டமே செல்லாது. முன்கூட்டி ஓட்டிப் பார்க்க அனுமதி கிடையாது. நடந்துபோய் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான். தேசியப் போட்டியில் இரண்டு நாள், இரண்டு பாதை. பாதைக்கு மூன்று ஓட்டங்கள்தான். நேரத்தை விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கிறார்கள். முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் இடையே இமைக்கும் நேரம்கூட இல்லாத போட்டிகள் இங்கே சகஜம்.

இந்தக் களத்துக்குள் டெஸ்லா மாடல் 3 பெர்ஃபாமன்ஸ் 2018-க்குப் பிறகு வந்து சேர்ந்தது. நின்ற நிலையிலிருந்து 96 கி.மீ வேகத்தை 3.1 விநாடியில் தொடும் கார் இது. கியர் மாற்ற வேண்டாம். பெடலைத் தொட்டதும் டார்க் முழுதாகக் கிடைக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் இழந்து, உடனே மீண்டும் வேகம் எடுக்க வேண்டிய ஆட்டோகிராஸுக்கு இதைவிடப் பொருத்தமான மோட்டார் இல்லை. எலெக்ட்ரிக் கார்கள் தங்களுக்குள் மோத ‘இவிஎக்ஸ்’ என்று தனி வகுப்பையே எஸ்சிசிஏ திறந்தது.

ஆனால், அந்த டார்க் அத்தனையும் தரைக்குப் போய்ச் சேருவது உள்ளங்கை அளவே தரையைத் தொடும் நான்கு ரப்பர் பரப்புகள் வழியாகத்தான். எலெக்ட்ரிக் கார் வாங்கும்போதே வேகம் உடன் வந்துவிடுகிறது. கிரிப்பைத்தான் தேடி வாங்க வேண்டியிருக்கிறது. அதை எந்த வரிசையில், எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

எடைதான் முதல் எதிரி

ஆட்டோகிராஸ் களத்தில் அதிகம் பார்க்கக் கிடைக்கும் கார் மாஸ்டா மியாட்டா. அதன் எடை சுமார் 1,060 கிலோ. மாடல் 3 பெர்ஃபாமன்ஸின் எடை சுமார் 1,840 கிலோ. பேட்டரி மட்டுமே அதில் கிட்டத்தட்ட 480 கிலோ. பேட்டரி தரையோடு தரையாகப் படுத்திருப்பதால் காரின் ஈர்ப்பு மையம் தாழ்வாக இருக்கிறது. திருப்பத்தில் பாடி ரோல் குறைகிறது. அது பெரிய நன்மை. ஆனால் எடை எடைதான். அதைத் திருப்புவதும் நிறுத்துவதும் டயரின் வேலை.

ரப்பருக்கு ஒரு குணம் உண்டு. ஒரு டயரின் மேல் இரண்டு மடங்கு எடை வைத்தால், கிரிப் இரண்டு மடங்காகக் கூடாது. அதைவிடக் குறைவாகவே கூடும். எடை ஏற ஏற ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் கிரிப் குறைந்துகொண்டே போகும். இதனால்தான், ஒரே டயரைப் போட்டாலும் கனமான கார் லேசான காரைப் போலத் திரும்புவதில்லை. எலெக்ட்ரிக் கார்க்காரர்கள் அகலமான டயரைத் தேடுவதற்கு முதல் காரணம் இதுவே. பார்க்க மிடுக்காக இருக்கும் என்பதற்காக யாரும் இங்கே அகலம் தேடுவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கார் நிற்கும்போது ஒவ்வொரு டயரின் மேலும் ஏறக்குறைய 460 கிலோ. புவியீர்ப்புக்கு இணையான விசையோடு, அதாவது 1 ‘ஜி’யில், கார் வளையும்போது எடை வெளிப்பக்கம் சாயும். மொத்த எடையில் முக்கால் பங்குக்கும் மேலே வெளிப்பக்க டயர்கள் இரண்டின் தலையில் வந்து விழும். டயருக்கு 700 கிலோ! அந்த நேரத்தில் பிரேக்கையும் மிதித்தால் வெளிப்பக்க முன் டயரின் பாடு இன்னும் திண்டாட்டம்.

டயரின் பக்கச்சுவரில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் படிக்க வேண்டியது இதனால்தான். 92 என்றிருந்தால் அந்த டயர் 630 கிலோ சுமக்கும். 95 என்றால் 690. 98 என்றால் 750. இதுதான் லோட் இண்டெக்ஸ். சாலையில் தொடர்ந்து சுமக்கும் எடைக்கான வரம்பு அது. திருப்பத்தில் சில விநாடிகள் கூடுதலாக வந்து விழும் சுமையை நல்ல டயர் தாங்கிக்கொள்ளும். ஆனால் வரம்பு குறைந்த டயரில் பக்கச்சுவர் மடங்கி, ட்ரெட்டின் ஓரம் தரையில் தேய்ந்து, ஸ்டீயரிங்கின் சொல்லைக் கார் தாமதமாகக் கேட்கும். ‘எக்ஸ்எல்’ என்று குறித்திருக்கும் டயர்கள் கூடுதல் காற்றழுத்தத்தில் கூடுதல் எடை சுமக்கச் செய்யப்பட்டவை. அதற்கும் மேலே, கனமான எலெக்ட்ரிக் கார்களை மனதில் வைத்து ‘எச்எல்’ என்ற வகையும் வந்துவிட்டது. தொழிற்சாலை டயரில் என்ன எண் இருக்கிறதோ அதற்குக் கீழே இறங்கக் கூடாது என்பது முதல் விதி.

200 என்ற எண்ணின் ரகசியம்

எஸ்சிசிஏ-வின் ‘ஸ்ட்ரீட்’ பிரிவில் ட்ரெட்வேர் எண் 200-க்குக் குறைந்த டயருக்கு அனுமதி இல்லை. அமெரிக்க அரசின் தர வரிசைப்படி ஒவ்வொரு டயரின் பக்கச்சுவரிலும் இந்த எண் பொறித்திருக்கும். 100 எண் கொண்ட மாதிரி டயரைவிட 200 எண் கொண்ட டயர் இரண்டு மடங்கு உழைக்கும் என்பது பொருள். இந்த எண்ணை டயர் கம்பெனியே சோதித்துத் தானே பொறித்துக்கொள்கிறது. உழைப்பைச் சொல்லும் இந்த எண், கிரிப்பைச் சொல்லாது. ஒரே 200 எண்ணைச் சுமக்கும் இரண்டு டயர்களுக்கு இடையே களத்தில் ஒரு விநாடி வித்தியாசம்கூட வரலாம்.

மாடல் 3-ன் சாதாரண மாடலோடு வந்த மிஷலின் பிரைமஸி, பேட்டரி ரேஞ்சையும் அமைதியையும் மனதில் வைத்துச் செய்தது. பெர்ஃபாமன்ஸோடு வந்த மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் சாலைக்கு அருமையான டயர். அதன் ட்ரெட்வேர் 300. களத்தில் வெல்ல நினைப்பவர்கள் இரண்டையும் கழற்றிவிட்டு 200 வகைக்குப் போகிறார்கள். அங்கே பேசப்படும் பெயர்கள் பல: யோகோஹாமா ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், ஃபால்கன் ஆர்டி660, ஹேன்குக் ஆர்எஸ்4. இவற்றில் எது எலெக்ட்ரிக் காருக்கு?

இங்கே கேட்க வேண்டிய கேள்வி, டயர் எவ்வளவு சீக்கிரம் சூடேறும், எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதுதான்.

ஏ052 முதல் ஓட்டத்திலேயே, முதல் சில திருப்பங்களிலேயே, முழு கிரிப்பைத் தந்துவிடும். மூன்றே ஓட்டங்கள் உள்ள போட்டியில் இது வரம். ஆனால் அதன் ரப்பர் மென்மையானது. 1,840 கிலோவை இழுத்துத் திருப்பும்போது மளமளவென்று சூடேறி வழுக்கத் தொடங்கிவிடும். ஒரே காரை இரண்டு பேர் மாறி மாறி ஓட்டினால் டயர் ஆற நேரமே இருக்காது. ஆர்இ-71ஆர்எஸ் சூட்டைக் கொஞ்சம் அதிகம் பொறுத்துக்கொள்ளும். ஆர்எஸ்4 நெடுநாள் உழைக்கும்; சூடேறவும் நேரம் எடுத்துக்கொள்ளும். ஒரு நிமிட ஓட்டத்துக்கு அந்த நிதானம் ஒத்துவராது. ரேஸ் டிராக்கில் அரைமணி நேரம் சுற்றுபவருக்கு அது நல்ல தேர்வு.

ஆக, குளிர்ந்த ஊரில் ஒருவரே ஓட்டும் காருக்கு ஏ052. வெயில் சுடும் கான்கிரீட்டில் இருவர் பகிர்ந்து ஓட்டும் காருக்கு ஆர்இ-71ஆர்எஸ். கனமான எலெக்ட்ரிக் காருக்கு இதுவே பொதுவான தீர்வு. எந்த டயராக இருந்தாலும் தண்ணீர் தெளிப்பான் கையில் இருக்க வேண்டும். தோட்டத்துச் செடிகளுக்கு மருந்தடிக்கும் அதே கைப்பம்பு தெளிப்பான்தான். ஓட்டம் முடிந்து கார் வரிசைக்குத் திரும்பியதும் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து நான்கு டயர்களின் ட்ரெட்டிலும் தண்ணீர் தெளிப்பார். ஆவி பறக்கும். டயரைத் தொட்டுப் பார்த்து, காரை ஓரடி நகர்த்தச் சொல்லி, தரையில் பதிந்திருந்த பகுதியையும் நனைப்பார். அடுத்த ஓட்டத்துக்குள் டயர் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும் என்பதே கணக்கு.

வீல்: அகலமா, உயரமா?

பெரிய வீல் போட்டால் கார் வேகமாகத் திரும்பும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆட்டோகிராஸ் அதை ஒப்புக்கொள்வதில்லை.

மாடல் 3 பெர்ஃபாமன்ஸோடு முதலில் வந்தது 20 அங்குல வீல், 235/35 ஆர்20 டயர். டயரின் வெளி விட்டம் சுமார் 672 மி.மீ. இதைக் கழற்றிவிட்டு 18 அங்குல வீலில் 265/35 ஆர்18 டயர் போட்டால் விட்டம் சுமார் 643 மி.மீ. இந்த ஒரே மாற்றத்தில் நான்கு விஷயங்கள் நடக்கின்றன. தரையைத் தொடும் ரப்பர் 30 மி.மீ அகலம் கூடுகிறது. கார் 15 மி.மீ தாழ்கிறது. டயர் சிறியதாவதால் அதே டார்க்குக்குத் தரையில் கிடைக்கும் உந்து விசை நான்கரை சதவிகிதம் கூடுகிறது. நான்காவதாக, 18 அங்குலத்தில் நல்ல ரப்பர் அதிக வகைகளில், குறைந்த விலையில் கிடைக்கிறது.

பெட்ரோல் காரில் டயரைச் சிறிதாக்கினால், பாதையின் வேகமான பகுதியில் இரண்டாவது கியர் போதாமல் மூன்றாவதுக்கு மாற்ற வேண்டி வரும்; அங்கே நேரம் போய்விடும். எலெக்ட்ரிக் காரில் ஒரே கியர்தான் என்பதால் அந்தக் கவலை இல்லை. ஸ்பீடோமீட்டர் மட்டும் உண்மையைவிடச் சற்று அதிகம் காட்டும்.

ஆனால் எல்லாப் பிரிவிலும் இதற்கு அனுமதி கிடையாது. ‘ஸ்ட்ரீட்’ பிரிவில் வீலின் அகலம் தொழிற்சாலை அளவிலேயே இருக்க வேண்டும். விட்டத்தை ஓர் அங்குலம் கூட்டலாம், குறைக்கலாம். ஆஃப்செட்டையும், அதாவது வீலின் நடுக்கோட்டுக்கும் அது காரோடு பொருந்தும் முகத்துக்கும் இடையிலான தூரத்தையும், சில மி.மீ மட்டுமே மாற்றலாம். ஆக, 20 அங்குலக் காருக்கு 19 வரைதான் இறங்க முடியும். எட்டரை அங்குல அகலம் மாறாது. அந்த அகலத்துக்கு 255 டயர் சரியாகப் பொருந்தும். 265 போடுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் குறுகிய ரிம்மில் அகலமான டயரைத் திணித்தால் பக்கச்சுவர் உள்ளே ஒடுங்கி, ட்ரெட்டின் நடுப்பகுதி மேலெழும். கூடுதல் அகலத்தால் வர வேண்டிய பலன் பாதி அங்கேயே கரைந்துவிடும். மாற்றங்களுக்கு அனுமதியுள்ள பிரிவில் ஓடுபவர் 18-க்கு 9.5 வீல் வாங்கி அதில் 265 போடுவது முறையான ஜோடி.

2024-ல் வந்த புதிய மாடல் 3 பெர்ஃபாமன்ஸில் முன்னால் 235, பின்னால் 275 என டயர்கள் வெவ்வேறு அகலத்தில் வருகின்றன. மோட்டாரின் வேகத்தைச் சாலையில் பத்திரமாக இறக்க இந்த ஏற்பாடு உதவும். ஆட்டோகிராஸில் காரைத் திருப்புவது முன் டயர்கள்தான். அவை ஒல்லியாக இருந்தால் ஸ்டீயரிங்கை எவ்வளவு வளைத்தாலும் கார் நேராகவே நழுவும். நான்கு மூலையிலும் ஒரே அளவு வைத்தால் முன்பக்கத்துக்கு கிரிப் கூடும். முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தையும் சமமாக்கலாம்.

மில்லிமீட்டரில் தங்கும் வெற்றி

வீல் வாங்கும்போது விட்டமும் அகலமும் மட்டும் பார்த்தால் போதாது. சாதாரண மாடல் 3-ன் வீல் 8.5 அங்குலம், ஆஃப்செட் 40. அதற்குப் பதில் 9.5 அங்குலம், ஆஃப்செட் 35 வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வீல் உள்பக்கம் 7.7 மி.மீ சஸ்பென்ஷனை நெருங்கும், வெளிப்பக்கம் 17.7 மி.மீ மட்கார்டை நோக்கி நீளும். ஸ்டீயரிங்கை முழுதாக வளைத்து, கார் அமுங்கும்போது எங்காவது உரசுமா என்று பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

மாடல் 3-ன் நட்டு அமைப்பு 5-க்கு 114.3, அதாவது 114.3 மி.மீ விட்டமுள்ள வட்டத்தில் ஐந்து நட்டுகள்; நடுத்துளை 64.1 மி.மீ. சந்தையில் கிடைக்கும் வீல்களில் பலவற்றுக்கு நடுத்துளை இதைவிடப் பெரிது. இடைவெளியை அடைக்கும் வளையம் போடாவிட்டால் ஸ்டீயரிங் நடுங்கும். பெர்ஃபாமன்ஸ் மாடலில் இன்னொரு சங்கதியும் உண்டு. முதலில் வந்த கார்களின் பிரேக் டிஸ்க்கில், வீல் வந்து உட்காரும் முகத்தில் ஒரு சிறிய மேடு இருக்கும். தொழிற்சாலை வீலின் பின்புறம் அதற்கேற்ப ஒரு படி வெட்டியிருப்பார்கள். வெளியில் வாங்கிய வீலில் அந்தப் படி இல்லையென்றால் வீல் டிஸ்க்கோடு முழுதாக ஒட்டி உட்காராது. நட்டை எத்தனை முறுக்கினாலும் அது பாதுகாப்பில்லை.

வீலின் எடையும் முக்கியம். ஃபோர்ஜ்டு முறையில் செய்த 18 அங்குல வீல் 9 கிலோவுக்குள் அடங்கும். தொழிற்சாலை 20 அங்குல வீல் அதைவிடச் சில கிலோ கனம். எடை குறைந்தால் மேடு பள்ளத்தில் டயர் தரையை விட்டு எழும்பாமல் இருக்கும். அதே நேரம், லேசான வீலெல்லாம் கனமான காரைத் தாங்கிவிடாது. வீலின் பின்புறம் அதன் எடை வரம்பு பொறித்திருக்கும். கார்க் கதவின் ஓரத்து ஸ்டிக்கரில் ஒவ்வோர் அச்சுக்கும் உள்ள எடை வரம்பைப் பார்த்து இரண்டால் வகுத்தால் வரும் எண்ணுக்கு வீலின் வரம்பு குறையக் கூடாது. சிறிய பெட்ரோல் காருக்காகச் செய்த வீலை, துளை பொருந்துகிறது என்பதற்காக மட்டும் எலெக்ட்ரிக் காரில் மாட்டுவது ஆபத்து.

காற்றும் சாக்பீஸும்

மாடல் 3-க்குத் தொழிற்சாலை சொல்லும் காற்றழுத்தம் 42 பிஎஸ்ஐ. மியாட்டாக்காரர்கள் 30-ஐ ஒட்டி ஓடுவதைப் பார்த்து எலெக்ட்ரிக் கார்க்காரர் அதே அளவுக்கு இறங்கக் கூடாது. அழுத்தம் குறையும்போது டயர் சுமக்கும் எடையும் குறைகிறது. கனமான கார் பக்கச்சுவரின் மேலேயே புரண்டுவிடும். பலரும் 35-லிருந்து 40-க்குள் தங்கள் காருக்கான எண்ணைத் தேடுகிறார்கள்.

தேடும் முறை பழையது, நம்பகமானது. டயரின் தோள்பட்டையில், ட்ரெட்டும் பக்கச்சுவரும் சேரும் இடத்தில், மூன்று இடங்களில் சாக்பீஸால் கோடு போடுவார்கள். ஓடிவிட்டு வந்து பார்க்கும்போது கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் காற்று குறைவு. ட்ரெட்டின் ஓரத்தையே தொடாமல் கோடு அப்படியே இருந்தால் காற்று அதிகம். ட்ரெட்டின் விளிம்புவரை மட்டும் அழிந்திருந்தால் சரி. டயர் 6 டிகிரி செல்சியஸ் சூடேறினால் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ கூடும் என்பதால், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கேஜ் வைத்து அளந்து காற்றை விட்டுச் சரிசெய்ய வேண்டும்.

எலெக்ட்ரிக் காருக்கே உரிய இன்னொரு விஷயம் ரீஜென் பிரேக்கிங். பெடலிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே காரை நிறுத்தப் பார்க்கும். பின்சக்கர மோட்டார் மட்டும் உள்ள காரில் இந்த இழுவை முழுதும் பின் டயர்களில் விழும். திருப்பத்தின் வாசலில் சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் நழுவப் பார்க்கும். பேட்டரி முழு சார்ஜில் இருந்தால் ரீஜென் சரியாக வேலை செய்யாது; குளிர்ந்திருந்தாலும் அப்படியே. காலையில் ஒரு மாதிரி நின்ற கார் மதியம் வேறு மாதிரி நிற்கும். முழு சார்ஜோடு களத்துக்கு வராமல் இருந்தால் மூன்று ஓட்டங்களும் ஒரே மாதிரி இருக்கும். அப்போதுதான் டயரைப் பற்றி எடுக்கும் முடிவுகளும் சரியாக இருக்கும்.

களத்தில் வீல் மாற்றும்போது...

* ஜாக்கியை நேரடியாக காரின் அடியில் கொடுக்கக் கூடாது. குறித்திருக்கும் நான்கு புள்ளிகளில் ரப்பர் கட்டையைச் செருகி, அதன் மேல்தான் தூக்க வேண்டும். கொஞ்சம் தவறினால் பேட்டரிப் பெட்டி நசுங்கும்.

* மாடல் 3-ன் வீல் நட்டுகளை 175 நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். முதல் ஓட்டத்துக்குப் பிறகு மீண்டும் சரிபார்ப்பது நல்லது.

* புதிய வீலுக்கு காற்றழுத்த சென்சார் வாங்கும்போது கார் தயாரான ஆண்டைச் சொல்லி வாங்க வேண்டும். மாடல் 3-ல் பழைய கார்களின் சென்சார் வேறு, பின்னால் வந்த புளூடூத் சென்சார் வேறு.

* 200 வகை டயரை உறைபனிக் குளிரில் ஓட்டவோ, வெளியே போட்டுவைக்கவோ கூடாது. ரப்பர் விறைத்து விரிசல் விடலாம்.

எதற்கு முதலில் செலவு?

மென்மையான டயர் சாலையில் சீக்கிரம் தேயும். உருளும்போது அதிகம் இழுப்பதால் ரேஞ்சும் குறையும். தொழிற்சாலை டயர்களில் சத்தத்தை அடக்க உள்ளே ஒட்டியிருக்கும் நுரை இவற்றில் இருக்காது. ஆகவே தினமும் அலுவலகம் போகும் காருக்கு இரண்டு செட் வீல்கள்தான் சரியான வழி: ஒன்று சாலைக்கு, ஒன்று களத்துக்கு.

கையில் பணம் குறைவாக இருந்தால் வரிசை இதுதான். முதலில் நல்ல ரப்பர். தொழிற்சாலை வீலிலேயே 200 டயரை மாட்டினாலும் போதும், மற்ற எந்த மாற்றத்தையும்விட அதிக நேரம் அதில் மிச்சமாகும். அடுத்து, பிரிவின் விதி அனுமதித்தால், டயருக்கேற்ற அகலத்தில் விட்டம் குறைந்த வீல். அதற்கு அடுத்து வீலின் எடை. நிறமும் வடிவமும் கடைசி. பெரிய விட்டத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் ஆட்டோகிராஸுக்கு எந்தப் பயனும் இல்லை.

இந்தியாவில் மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்எம்எஸ்சிஐ அமைப்பின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. நம் நாட்டு ஆட்டோகிராஸ் பெரும்பாலும் மண் தரையில் நடப்பதால், அங்கே தேவைப்படும் டயர் முற்றிலும் வேறு. ஆனால் எடையைப் பற்றிய பாடம் பந்தயத்தோடு முடிவதில்லை. நம் சாலைகளில் எலெக்ட்ரிக் கார்கள் பெருகிவருகின்றன. அவை அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட நூற்றுக்கணக்கான கிலோ கனமானவை. டயர் தேய்ந்து கடைக்குப் போகும்போது, “இதே அளவுதான் சார், விலை குறைவு” என்று காட்டப்படும் டயரை உடனே வாங்கிவிடாதீர்கள். அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த லோட் இண்டெக்ஸ் எண்ணைப் பழைய டயரோடு ஒப்பிடுங்கள். ஒரு எண் குறைந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.